வரவும் செலவும் யார் கையில்?

படித்தவர்கள் கூடும் இடங்களில் ஒரு கருத்து அடிக்கடி காதில் விழுகிறது. ஊராட்சிகளுக்குத் தேர்தல் நடத்துவதால் ஊருக்குள் பகைதான் வளர்கிறது. ஐந்தாண்டுக்கொரு முறை தெருவுக்குத் தெரு முறுக்கிக்கொண்டு நிற்கிறது. பணமும் மதுவும் ஆறாய் ஓடுகின்றன. இந்தத் தொல்லையெல்லாம் எதற்கு? பொறுப்பை அலுவலர் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டால் தெருவிளக்கும் எரியும், தண்ணீரும் வரும், கணக்கும் சுத்தமாக இருக்கும் என்பதே அக்கருத்து. ஓய்வுபெற்ற ஆசிரியர்களும், வங்கியில் பணியாற்றுவோரும், நம் பங்குப் பேரவைகளில் இருக்கும் நல்லெண்ணம் படைத்த சிலரும்கூட இதைச் சொல்லக் கேட்கிறோம். சொல்பவர்கள் தீயவர்கள் அல்லர். ஊர் நன்றாக இருக்க வேண்டும் என்ற ஆவலில்தான் சொல்கிறார்கள். ஆயினும் அக்கருத்து தவறானது மட்டுமன்று, ஊரின் பெயரால் ஊரையே வெளியேற்றுகின்ற ஒன்று என்பதை எடுத்துரைக்க வேண்டிய கடமை நமக்கு இருக்கிறது.

முதலில் நடந்தவற்றை நினைவுபடுத்திக்கொள்வோம். நமது மாநிலத்தில் 1970-இல் ஊராட்சித் தேர்தல் நடந்தது. அடுத்த தேர்தல் 1986-இல்தான் நடந்தது. அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டோரின் காலம் 1991-இல் முடிந்தபின், மீண்டும் தேர்தல் வர 1996 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இந்த நீண்ட உறக்கங்களுக்கு முடிவுகட்டவே அரசியல் சாசனத்தின் 73-ஆவது திருத்தம் வந்தது. 1993 ஏப்ரல் 24-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த அத்திருத்தம், ஊராட்சியின் பதவிக்காலம் ஐந்தாண்டுகள், அதற்குமேல் ஒரு நாளும் இல்லை என்று வரையறுத்தது. அக்காலம் முடிவதற்குள் அடுத்த தேர்தல் நடந்து முடிந்திருக்க வேண்டும் என்றது. இடையில் கலைக்கப்பட்டாலும் ஆறு மாதத்திற்குள் தேர்தல் நடந்தாக வேண்டும் என்றது. இதைவிடத் தெளிவாக ஒரு சட்டம் பேச முடியாது. 1996, 2001, 2006, 2011 என நான்கு முறை அது ஒழுங்காகவே பின்பற்றப்பட்டது.

அதன்பின் என்ன ஆயிற்று? பழங்குடியினர்க்கான இடஒதுக்கீடு தொடர்பாகத் தொடுக்கப்பட்ட வழக்கில் 2016 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் தேர்தல் அறிவிக்கையை இரத்துச் செய்தது. ஒழுங்கான அறிவிக்கையொன்றைப் புதிதாக வெளியிடச் சில மாதங்கள் போதுமானவை. ஆனால் 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில்தான் வாக்குப்பதிவு நடந்தது. எஞ்சிய ஒன்பது மாவட்டங்களின் ஊர்களுக்கு 2021 அக்டோபர் வரை தேர்தல் இல்லை. எண்ணிப் பாருங்கள்: அந்த ஒன்பது மாவட்டங்களில் ஒரு முழுப் பதவிக்காலமே தேர்ந்தெடுக்கப்பட்டவர் எவருமின்றிக் கழிந்தது. 2019-இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 ஜனவரி 5-ஆம் நாள் முடிந்தது. அதற்குள் அடுத்த தேர்தல் நடத்தப்படவில்லை. தனி அலுவலர்களை அமர்த்துவதற்கான சட்டத்திருத்தம் அதே மாதம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. 9,624 ஊராட்சிகள் மீண்டும் அலுவலர்களின் கைக்குப் போயின. முதன்முறை ஆண்டவர்கள் ஒரு கட்சியினர், இரண்டாம் முறை ஆண்டவர்கள் மற்றொரு கட்சியினர் என்பதையும் கவனிக்க வேண்டும். எல்லாவற்றிலும் முரண்பட்டு நிற்கும் இருவர் இந்த ஒன்றில் மட்டும் ஒத்துப்போகிறார்கள்.

ஊர்களை நகராட்சியோடு இணைக்க வேண்டியுள்ளது, வார்டுகளை வரையறுக்க வேண்டியுள்ளது என்று காரணங்கள் கூறப்பட்டன. அகமதாபாத் மாநகராட்சி தொடர்பான வழக்கில் 2006-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் இதற்கு விடையளித்துவிட்டது. இத்தகைய பணிகளைப் பதவிக்காலம் முடிவதற்கு முன்பே முடித்துவைக்க வேண்டும், அவற்றைச் சாக்காகச் சொல்லித் தேர்தலைத் தள்ளிப்போடலாகாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். ஐந்தாண்டு முடியப்போகிறது என்பது ஐந்தாண்டுக்கு முன்பே எல்லார்க்கும் தெரிந்த செய்திதானே!

ஒரு கணம் வேறொன்றைக் கற்பனை செய்வோம். சட்டமன்றத்தின் காலம் முடிந்தும் மூன்றாண்டுகள் தேர்தல் இல்லை. தலைமைச் செயலாளரே நிதிநிலை அறிக்கையைத் தயாரித்து, தாமே முன்மொழிந்து, தாமே வழிமொழிந்து, தாமே நிறைவேற்றிக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நாடு பொறுத்துக்கொள்ளுமா? செய்தித்தாள்கள் வாளாவிருக்குமா? ஊருக்கு நேர்ந்தது இதுவேதான். ஆனால் அது ஊராட்சி என்பதால் உட்பக்கத்தில் ஒரு சிறு செய்தியாக அடங்கிவிட்டது.

இப்போது அந்த அலுவலர் யார் என்பதைப் பார்ப்போம். கிராம ஊராட்சிகளுக்குத் தனி அலுவலராக அமர்த்தப்படுபவர் வட்டார வளர்ச்சி அலுவலர். நம் மாநிலத்தில் ஏறத்தாழ 12,500 ஊராட்சிகளும் 388 ஊராட்சி ஒன்றியங்களும் உள்ளன. அப்படியானால் சராசரியாக ஓர் ஒன்றியத்திற்கு 32 ஊராட்சிகள். மாதத்தில் வேலைநாள் இருபத்தைந்து என்று வைத்துக்கொண்டாலும், நாளுக்கு ஓர் ஊர் என்று சுற்றினால்கூட ஒரு மாதத்தில் எல்லா ஊரையும் அவரால் பார்த்துவிட முடியாது. ஆட்சியர் கூட்டும் ஆய்வுக் கூட்டங்களும், அமைச்சர் வருகையும், நாளுக்கு நாள் கேட்கப்படும் அறிக்கைகளும் அவருக்கு வேறு இருக்கின்றன. அந்த மனிதர்மீது நமக்குக் குறையில்லை. அவர்களில் இரவு பகல் பாராது உழைப்பவர்களை நாம் அறிவோம். ஆனால் நீரேற்றும் மோட்டார் எரிந்துபோன அன்று குடத்தோடு பெண்கள் போய் நிற்பதற்கு ஒரு வாசல் வேண்டும். தலைவர் இருந்தால் அவர் வீட்டு வாசல் இருக்கிறது. அவர் நல்லவரோ கெட்டவரோ, அந்த வாசலில் நின்று சத்தம் போடலாம். அலுவலருக்கு வாசல் ஒன்றியத் தலைமையிடத்தில். அங்குப் போகப் பேருந்துக் கட்டணம் வேண்டும்; ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும்; போனபின் அவர் கூட்டத்திற்குச் சென்றிருக்கிறார் என்ற விடையையும் கேட்டுத் திரும்ப வேண்டும்.

தேர்தல் இல்லாமையால் இழப்பு வாசலோடு முடியவில்லை. நடுவண் நிதிக்குழுவின் மானியம் முறைப்படித் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிகளுக்கே உரியது. 2016-க்குப் பிந்தைய அந்த ஆண்டுகளில் தமிழகத்து ஊராட்சிகளுக்கு வரவேண்டிய மானியம் இக்காரணத்தால் நிறுத்தி வைக்கப்பட்டது. அலுவலர் ஆட்சி சிக்கனமானது என்று வாதிடுவோர் இந்தக் கணக்கையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சரி, ஊராட்சியின் வரவு செலவு என்பதுதான் என்ன? பலருக்கும் இது தெரிவதில்லை, தெரிவிக்கப்படுவதும் இல்லை. ஊர் தானே திரட்டுவது வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், உரிமக் கட்டணம், மனைப்பிரிவுகளுக்கு ஒப்புதல் வழங்கும்போது கிடைக்கும் கட்டணம் ஆகியவை. நகரத்தை ஒட்டிய ஊராட்சிக்கு இதில் ஓரளவு வருவாய் உண்டு. வானம் பார்த்த பூமியில் கிடக்கும் ஊராட்சிக்கு வீட்டு வரியைத் தவிர வேறெதுவும் பெரிதாக இல்லை. அடுத்தது மாநில நிதிக்குழு மானியம். மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் பத்து விழுக்காட்டை உள்ளாட்சிகளுக்குப் பிரித்துத் தருகிறார்கள். அதில் நகரங்களின் பங்கு போக, மாவட்ட ஊராட்சி, ஒன்றியம் ஆகியவற்றின் பங்கும் போக, எஞ்சியது கிராம ஊராட்சிக்கு வருகிறது. இவ்வாறு வருவதில் மின்சாரக் கட்டணமும் குடிநீர் வாரியத்திற்கான கட்டணமும் செலுத்துவதற்கென்றே ஒரு தனிக் கணக்கு உண்டு. தெருவிளக்கு, நீரேற்றும் மோட்டார், மேல்நிலைத் தொட்டியை இயக்குபவரின் ஊதியம், துப்புரவுப் பணியாளரின் ஊதியம் என்று கட்டாயச் செலவுகள் தீர்ந்தபின் ஊர் கூடி ஆராய்ந்து திட்டமிட எவ்வளவு மிஞ்சும்? சின்னஞ்சிறு ஊராட்சிகளில் ஒரு கால்வாயைத் தூர்வாரக்கூடப் போதாது.

பெருந்தொகைகள் திட்டங்களின் வழியாக வருகின்றன. வரும்போதே எதற்குச் செலவிட வேண்டும் என்ற கட்டளையோடு வருகின்றன. பதினைந்தாவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை ஊரக உள்ளாட்சிகளுக்குப் பரிந்துரைத்த மானியத்தில் அறுபது விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டிவைக்கப்பட்டது. நாற்பது விழுக்காடே கட்டற்றது. குடிநீரும் துப்புரவும் வேண்டாம் என்று எந்த ஊரும் சொல்லாது. ஆனாலும், ஏற்கெனவே நல்ல தண்ணீர் உள்ள ஊரும் தண்ணீரே இல்லாத ஊரும் ஒரே விழுக்காட்டில் செலவிட வேண்டும் என்பது எங்கோ தொலைவில் அமர்ந்திருப்பவரின் கணக்கு.

மாநில அரசுகளும் இதில் சளைத்தவையல்ல. 2006-இல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சி ஒவ்வொன்றுக்கும் இருபது இலட்சம் ரூபாய் என்றார்கள். நல்ல திட்டம்தான், ஊர்களில் அதன் அடையாளங்கள் இன்னும் நிற்கின்றன. ஆனால் இரண்டு குக்கிராமங்கள் உள்ள ஊராட்சிக்கும் இருபது இலட்சம், இருபது குக்கிராமங்கள் உள்ள ஊராட்சிக்கும் இருபது இலட்சம். விளைவு, ஊராட்சியின் நடுவூரில் பணிகள் நடந்தன. மலையடிவாரத்துக் குடியிருப்புகளுக்குப் பல இடங்களில் எதுவும் போய்ச் சேரவில்லை. 2011-இல் வந்த அடுத்த அரசு 'தாய்' திட்டத்தைக் கொண்டுவந்து, ஊராட்சிக்குப் பதிலாகக் குக்கிராமத்தை அலகாகக் கொண்டது. குடிநீர், தெருவிளக்கு, சாலை, சுடுகாடு, சுடுகாட்டுக்குப் பாதை என அடிப்படைத் தேவைகளைக் கணக்கெடுத்தது. முன்னைய குறையைக் கண்டுணர்ந்து திருத்திய செயல் என்று இதைப் பாராட்டலாம். எனினும், அந்தக் குறையைக் கண்டுபிடிக்க ஐந்தாண்டுகளும் ஓர் ஆட்சி மாற்றமும் தேவைப்பட்டன. குக்கிராமத்து மூதாட்டி ஒருத்தியை முதல் நாளே கேட்டிருந்தால் சுடுகாட்டுப் பாதையைச் சொல்லியிருப்பாள்.

நாம் அறிந்த ஓர் ஊராட்சியில் பள்ளிப் பிள்ளைகள் ஓர் ஓடையைக் கடந்து போக வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் ஓடையில் இடுப்பளவு தண்ணீர் ஓடும். அந்த நாள்களில் பிள்ளைகள் பள்ளிக்குப் போவதில்லை. ஓடையின் மீது ஒரு சிறுபாலம் வேண்டும் என்று கிராம சபையில் ஆண்டுதோறும் கேட்டார்கள். தீர்மானப் புத்தகத்திலும் ஆண்டுதோறும் எழுதினார்கள். பாலம் வரவில்லை. பேவர் பிளாக் கற்கள் வந்தன. ஏற்கெனவே சிமெண்ட் சாலை இருந்த தெருவில் அதன்மேலேயே அக்கற்களைப் பதித்துவிட்டுப் போனார்கள். ஏனென்று விசாரித்தபோது, அந்த ஆண்டு வந்த நிதியில் அனுமதிக்கப்பட்ட பணிகளின் பட்டியலில் தெருவுக்குக் கல் பதிப்பது இருந்தது, பாலம் இல்லை என்றார்கள். நிதியாண்டு முடிவதற்குள் செலவழிக்காவிட்டால் திரும்பிப் போய்விடும் என்றும் சொன்னார்கள். இதில் யாரும் ஒரு ரூபாயைத் திருடவில்லை. விதிப்படி அனைத்தும் நடந்தது. தணிக்கையிலும் குறை காண வழியில்லை. அதனால்தான் இதைச் சொல்கிறோம். திருட்டு நடந்தால் மட்டுமே ஊருக்கு இழப்பு என்று எண்ணுகிறவர்கள் இந்தப் பேவர் பிளாக் கற்களின்மேல் ஒருமுறை நடந்து பார்க்கட்டும்.

இந்த நிலையில் கிராம சபை என்ன செய்கிறது? 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் கிராம சபைக்குத் தந்திருக்கும் பணிகளைப் படித்தால் மெய்சிலிர்க்கும். ஊரின் வளர்ச்சித் திட்டத்திற்கு ஒப்புதல் அளிப்பது, வரவு செலவுத் திட்டத்திற்கு ஒப்புதல் அளிப்பது, தணிக்கை அறிக்கையை ஆய்வது, எல்லாத் திட்டங்களின் முன்னேற்றத்தையும் சீர்தூக்கிப் பார்ப்பது என ஊரையே அரசாக்கியிருக்கிறது சட்டம். முன்பு ஆண்டுக்கு நான்கு முறை கூடிய சபை 2022 முதல் ஆறு முறை என்றாக்கப்பட்டது. இதையும் வரவேற்கிறோம். ஆனால் அன்றைக்குப் பேச வேண்டிய பொருள்களின் பட்டியல் எங்கிருந்து வருகிறது? மேலிடத்திலிருந்து வருகிறது. மாவட்டம் முழுவதும் ஒரே பட்டியல். கடற்கரை ஊருக்கும் அதே பொருள். மலையூருக்கும் அதே பொருள். ஊராட்சிச் செயலர் அதை வேகவேகமாக வாசிக்கிறார், மக்கள் வெயிலில் நெளிகிறார்கள், கையொப்பம் வாங்கப்படுகிறது, புகைப்படம் எடுக்கப்படுகிறது. ஊரின் மக்கள்தொகைக்கு ஏற்ப ஐம்பது முதல் முந்நூறு பேர்வரை வந்திருக்க வேண்டும் என்ற விதி அந்தக் கையொப்பங்களால் நிறைவேறுகிறது. வரவு செலவுக் கணக்கு ஒரு தாளில் இருக்கிறது. தாள் மேசையில் இருக்கிறது. மேசை மேடையில் இருக்கிறது.

மக்கள் வருவதில்லை, வந்தாலும் பயனாளிகள் பட்டியலில் தம் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள் என்று அதிகாரிகள் குறைகூறுவதுண்டு. அது பொய்யன்று. ஆனால் தொகை வேறெங்கோ முடிவாகிவிட்டது, பணியும் வேறெங்கோ முடிவாகிவிட்டது, எஞ்சியிருப்பது பட்டியலில் பெயர் மட்டுமே என்றால், பெயரைப் பார்க்க வருபவன் அறிவாளியா, தொகையைப் பற்றிப் பேச வருபவன் அறிவாளியா?

அண்டை மாநிலத்தைப் பார்ப்போம். கேரளத்தில் 1996 ஆகஸ்டில் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியது. மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடுவரை உள்ளாட்சிகளுக்கென ஒதுக்கப்பட்டது. தொகையைவிட முக்கியமான மற்றொரு செயலையும் செய்தார்கள். எந்த உள்ளாட்சிக்கு எவ்வளவு என்பதை மாநில நிதிநிலை அறிக்கையின் இணைப்பிலேயே அச்சிட்டுச் சட்டமன்றத்தில் வைத்தார்கள். நிதிநிலை அறிக்கை வெளியாகும் நாளிலேயே ஒவ்வோர் ஊராட்சியும் தன் தொகையைத் தெரிந்துகொள்கிறது. தொகை தெரிந்தபின் கூடும் கூட்டமும் தொகை தெரியாமல் கூடும் கூட்டமும் ஒன்றாகுமா? கையில் இருப்பது பத்து ரூபாய் என்று தெரிந்த குடும்பத்தலைவிதான் அரிசியா, மருந்தா, பள்ளிக் கட்டணமா என்று எடைபோடுவாள். எவ்வளவு வரும் என்று தெரியாதவள் ஆசைப்பட்டதையெல்லாம் பட்டியலிடுவாள். நம் ஊராட்சிகளின் வளர்ச்சித் திட்டங்கள் இப்படிப்பட்ட ஆசைப் பட்டியல்களாகவே இருக்கின்றன. கணினியில் ஏற்றப்பட்டுவிட்டதால் மட்டும் அவை திட்டம் ஆகிவிடா. கேரளத்து ஊராட்சிகள் 941 மட்டுமே; ஒவ்வொன்றும் நம் ஊராட்சிகளைப் போலப் பன்மடங்கு பெரியது; அலுவலரும் அதிகம் என்று சொல்வார்கள். உண்மைதான். அப்படியே பெயர்த்துக்கொண்டு வரமுடியாது. ஆனால் ஒரு தொகையை முன்கூட்டியே அச்சிட்டுத் தருவதற்கு ஊர் பெரிதாக இருக்க வேண்டியதில்லையே!

இனி, அலுவலர் ஆட்சியை விரும்புவோரின் வலிமையான வாதத்திற்கு வருவோம். ஊராட்சி என்றால் சாதி. தேர்தல் வைத்தால் பெரிய சாதிக்காரர்தான் ஆள்வார், அலுவலர்க்குச் சாதியில்லை என்கிறார்கள். ஊரின் கொடுமையை நாம் மறைக்கப் போவதில்லை. மதுரை மாவட்டம் மேலவளவில் தனித் தொகுதியில் வென்று தலைவரான முருகேசன், 1997 ஜூன் 30 அன்று மேலும் ஐவரோடு வெட்டிக் கொல்லப்பட்டார். 2020-இல் கடலூர் மாவட்டத்து ஊராட்சி ஒன்றில் பட்டியல் இனத்தைச் சேர்ந்த பெண் தலைவர் தரையில் அமரவைக்கப்பட்ட படத்தை நாடே பார்த்தது. செலவுக்குத் தலைவரோடு துணைத்தலைவரும் ஒப்பமிட வேண்டும் என்ற விதியைப் பயன்படுத்தி, தலித் தலைவர்களின் கையைக் கட்டிப்போட்ட ஊர்கள் பல. பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016-இல் சட்டம் ஆன பின்னும், நாற்காலியில் கணவர் அமர்ந்திருப்பதை எந்த ஒன்றியத்திலும் காணலாம்.

ஆனால் இதற்கு அலுவலர் ஆட்சி மருந்தாகுமா? பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளின் வரலாற்றைப் படியுங்கள். 1996-இல் தலைவர் பதவி தலித் மக்களுக்கு ஒதுக்கப்பட்ட நாள் முதல் பத்தாண்டுகள் அங்கே தேர்தலே நடக்கவிடவில்லை. அல்லது வென்றவரை உடனே பதவி விலகச் செய்தார்கள். தலைவர் இல்லாத அந்தக் காலம் முழுவதும் அலுவலர்களே நிருவாகத்தைப் பார்த்தார்கள். ஆதிக்கம் செய்தவர்களுக்கு அதனால் ஒரு நட்டமும் இல்லை. அவர்கள் வேண்டியதும் அதுவே. தலித் ஒருவர் தலைமையில் அமர்வதைவிட அலுவலர் ஒருவர் தொலைவில் அமர்வதை அவர்கள் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டார்கள். 2006 அக்டோபரில் அங்கே முறையாகத் தேர்தல் நடந்து தலைவர்கள் பொறுப்பேற்றபோதுதான் அந்த ஆதிக்கத்திற்கு முதல் அடி விழுந்தது. அலுவலர்க்குச் சாதியில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அவரது வெற்று நாற்காலி யாருக்குப் பயன்பட்டது என்ற கேள்வி இருக்கிறது. மோட்டார் எரிந்தால் அலுவலரைத் தொலைபேசியில் அழைத்து உடனே வேலையை முடித்துக்கொள்ளும் செல்வாக்கு ஊரில் யாரிடம் உண்டு? காலனித் தெருவிடமா, பெரிய தெருவிடமா?

ஊழல் என்ற வாதம் இதைவிட எளிது. ஊராட்சித் தலைவர்களில் திருடர்கள் உண்டு. தேர்தலில் இலட்சக்கணக்கில் இறைத்தவன் அதை எங்கேயாவது எடுக்கத்தான் பார்ப்பான். ஆனால் ஊராட்சி ஒன்றியம்வரை விரியும் பணிகளில், தலைவன் மட்டும் தின்று மற்றவர் பட்டினி கிடந்ததாக யாரேனும் கேட்டதுண்டா? தலைவனின் திருட்டு ஊருக்குத் தெரிகிறது. புதிய வண்டி வாங்கினால் தெருவே பேசுகிறது. அடுத்த தேர்தலில் அவனைத் தோற்கடிக்கவும் முடிகிறது. மேலே நடப்பது நமக்குத் தெரிவதில்லை என்பதாலேயே அது தூய்மையானது என்று ஆகிவிடாது. உத்திரமேரூர்க் கல்வெட்டை மேடைதோறும் புகழ்கிறோம். பராந்தக சோழன் காலத்து, 919, 921-ஆம் ஆண்டுகளின் அக்கல்வெட்டுகளில் குடவோலை முறை இருக்கிறது. அது நிலமும் வேதக் கல்வியும் உடைய பிராமண ஆடவர்களின் சபை என்பதைப் பேச்சாளர்கள் விட்டுவிடுகிறார்கள். உழுதவனுக்கும் பெண்ணுக்கும் அதில் இடமில்லை. அதுபோகட்டும். நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய வரி ஒன்று அதில் உண்டு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவனுடைய உறவினரும் மீண்டும் வாரியத்திற்கு வரத் தகுதியற்றவர்கள் என்று அன்றே விதித்தார்கள். ஒருவன் கணக்குக் காட்டவில்லை என்பதற்காகச் சபையையே மூடிவிட்டு அரண்மனை அதிகாரியிடம் ஒப்படைத்துவிடுங்கள் என்று எழுதி வைக்கவில்லை.

கீழுள்ள சிறிய அமைப்பு தானே செய்யக்கூடியதை மேலுள்ள பெரிய அமைப்பு பறித்துக்கொள்வது அநீதி என்பது திருச்சபையின் சமூகப் படிப்பினையில் துணைநிலைக் கோட்பாடு எனப்படுகிறது. திருத்தந்தை பதினொன்றாம் பயஸ் 1931-இல் இதை வலியுறுத்தினார். 1992-இல் ஐரோப்பிய நாடுகள் மாஸ்ட்ரிக்ட் நகரில் ஒப்பமிட்ட உடன்படிக்கையிலும் இக்கோட்பாடு இடம்பெற்றது. ஆகவே இதைக் கோவிலுக்குரிய பேச்சு என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம். மேலுள்ளவர் உதவட்டும், இடத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டாம் என்று இதற்குப் பொருள். ஒன்றியப் பொறியாளர் பாலத்திற்கு வரைபடம் போட்டுத் தரட்டும். பாலமா, பேவர் பிளாக்கா என்பதை ஊர் சொல்லட்டும்.

நமது சாசனம் இதைக் கேட்கிறதா என்றால், பாதிதான் கேட்கிறது என்று சொல்ல வேண்டியிருக்கிறது. பதினொன்றாம் அட்டவணையில் வேளாண்மை, சிறு பாசனம், கல்வி, நல்வாழ்வு என 29 துறைகளை வரிசைப்படுத்தினார்கள். ஆனால் அவற்றின் அதிகாரங்களை மாநிலங்கள் ஊராட்சிகளுக்கு 'அளிக்கலாம்' என்று எழுதினார்கள். அந்த 'லாம்' என்ற விகுதிக்குள் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நம் ஊர்கள் சிறைப்பட்டுக் கிடக்கின்றன. மாவட்டத் திட்டக்குழு என்று ஒன்று இருக்கிறது. அதன் உறுப்பினரில் ஐந்தில் நான்கு பங்கினராவது மாவட்ட ஊராட்சியிலிருந்தும் நகரமன்றங்களிலிருந்தும் தேர்ந்தெடுக்கப்பட்டு வர வேண்டும். ஊர்களின் திட்டங்களை ஒன்றுசேர்த்து மாவட்டத்திற்கு ஒரு வரைவுத் திட்டம் எழுதுவது அதன் பணி. தேர்ந்தெடுக்கப்பட்டவர்களே இல்லாதபோது அந்த ஐந்தில் நான்கு பங்கு எங்கிருந்து வரும்? தேர்ந்தெடுக்கப்பட்ட காலத்தில்கூடத் தங்கள் மாவட்டத்தின் திட்டவரைவைக் கண்ணால் கண்ட வாசகர் எத்தனை பேர்? இதற்கெல்லாம் மேலாக, ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற முறையில் மக்கள் தேர்ந்தெடுத்த தலைவரைப் பதவிநீக்கம் செய்யும் அதிகாரத்தை, ஊராட்சிகள் சட்டத்தின் 205-ஆவது பிரிவு மாவட்ட ஆட்சியரிடம் கொடுத்திருக்கிறது. ஒரு சட்டமன்ற உறுப்பினரை நீக்கும் அதிகாரத்தை ஏதேனும் ஓர் அலுவலரிடம் கொடுக்கச் சட்டமன்றம் ஒப்புமா என்று கேட்டுப் பாருங்கள்.

ஆகவே நம் வேண்டுகோள் பெரிதன்று. பதவிக்காலம் முடிவதற்கு முன்பே தேர்தல் நடக்க வேண்டும். நடத்தத் தவறிய அரசு எக்கட்சியுடையதாயினும் அதைத் தட்டிக்கேட்க வேண்டும். ஊராட்சிவாரியாகத் தொகை மாநில நிதிநிலை அறிக்கையில் அச்சாக வேண்டும். அதில் ஒரு கணிசமான பங்கு கட்டற்றதாக, ஊரின் முடிவுக்கு விடப்பட்டதாக இருக்க வேண்டும். இவை வரும்வரை கைகட்டி நிற்க வேண்டியதில்லை. சட்டம் ஏற்கெனவே தந்திருக்கும் உரிமையை அடுத்த கிராம சபையிலேயே பயன்படுத்தலாம். ஊராட்சித் தலைவர் அமர்ந்திருந்தாலும் தனி அலுவலர் அமர்ந்திருந்தாலும் கேள்வி ஒன்றே: கடந்த ஆண்டு ஊராட்சிக்கு வந்தது எவ்வளவு, மின்வாரியத்திற்குப் பாக்கி எவ்வளவு, ஊர் கேட்ட பணிகளில் நடந்தது எது, கேட்காமல் நடந்தது எது? விடையைச் செயலர் உரத்த குரலில் வாசிக்கச் சொல்லுங்கள். கேள்வியும் விடையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதப்படட்டும். எழுதி முடித்தபின் அதை ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டுக் கையொப்பமிடுங்கள்.